பன்னீருக்குப் பிறகு நன்னாரி: புதுச்சேரி எசன்ஸ் கடையின் ருசி மேசை எப்படி?

பெரிய மார்க்கெட்டை ஒட்டிய இந்த எசன்ஸ் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை துண்டுச் சீட்டை நீட்டி, அரை லிட்டர் பன்னீர், அரை லிட்டர் ஜிஞ்சர் என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கடலூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடும். இன்னொரு வகை புது ஃப்ளேவர் தேடி வருவது. சில்வர் பீச்சில் தள்ளுவண்டியில் சோடா போடுபவர், வில்லியனூர் கூல்பார்க்காரர், வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்து கொடுக்கும் அக்காக்கள். இந்த விமர்சனம் அவர்களுக்கானது. பட்டியலோடு போகிறவர்களும் கடைசிப் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம், அது அவர்கள் பணத்தைப் பற்றியது.

கடையில் தனியாக ஒரு ருசி மேசை வைத்திருக்கிறார்கள். 60 ரூபாய் கட்டினால் ஆறு ஃப்ளேவர் ருசி பார்க்கலாம். 100 மி.லி. பாட்டில் ஒன்றாவது வாங்கினால் அந்த 60 ரூபாய் பில்லில் கழிந்துவிடும். ஆறு சின்ன எவர்சில்வர் டம்ளரில் தலா 40 மி.லி. சோடா, ஒரு கிண்ணம் உப்பில்லாத பொரி, ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீர். காசு கொடுத்து எசன்ஸ் ருசி பார்ப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மற்ற கடைகளில் இலவசமாகக் கிடைப்பது மூடியைத் திறந்து மூக்கில் காட்டுவது மட்டும்தான். அது ருசி பார்ப்பதே இல்லை.

பாட்டிலில் இருப்பது குடிக்கும் பானத்தில் இருப்பதைப் போல ஆயிரம் மடங்கு செறிவானது. அந்தச் செறிவில் மாம்பழம் மண்ணெண்ணெய் மாதிரி அடிக்கும், வாழைப்பழம் நெயில் பாலிஷ் மாதிரி அடிக்கும். நல்ல எசன்ஸ் கெட்டது போலவும், மூடி திறந்ததும் மணக்கும் மட்டமான எசன்ஸ் நல்லது போலவும் தெரியும். சர்க்கரையும் புளிப்பும் சேராத பழ வாசனை பாதிப் பழம்தான். மூன்று மூடிகளைத் திறந்து முகர்ந்த பிறகு நான்காவது எது என்று சொல்லவும் முடியாது.

இங்கே கலக்கும் முறை சரியாக இருக்கிறது. ஒரு கிலோ சர்க்கரை, அரை லிட்டர் தண்ணீர், 15 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டுப் பாகு வைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரை உடம்புக்கு நல்லதாக இருக்கலாம், ருசி பார்க்கும்போது அதன் சொந்த வாசனை குறுக்கே நிற்கும். 40 மி.லி. டம்ளருக்கு நாலரை மி.லி. பாகு போட்டால் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து இனிப்பு வரும், அதாவது கடையில் விற்கும் சோடாவின் இனிப்பு. எசன்ஸ் அளவு லிட்டருக்கு ஒரு மி.லி. என்றால் 40 மி.லி.க்கு 0.04 மி.லி. அதை யாராலும் நேரடியாக அளக்க முடியாது. சொட்டுக் கணக்கும் உதவாது. தண்ணீர் மி.லி.க்கு இருபது சொட்டு என்றால் ஆல்கஹால் கலந்த எசன்ஸ் ஐம்பது சொட்டுக்கும் மேல் போகும். ஒரே சொட்டுக் கணக்கில் இரண்டு எசன்ஸை ஒப்பிட்டால், ஒன்றை மற்றதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் குடித்துவிட்டு, அது தூக்கலாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லுவீர்கள்.

அதனால் முதலில் 5 மி.லி. எசன்ஸை 95 மி.லி. தண்ணீரில் கலந்து ஒரு முன்கலவை. அதில் 0.8 மி.லி.யை ஊசியில்லாத இன்சுலின் சிரிஞ்சில் எடுத்து டம்ளரில் விட்டால் கணக்கு சரியாக வரும். வீட்டில் செய்கிறவர்கள் இங்கே ஒரு இடத்தில் தவறுவார்கள். நம் மருந்துக்கடைகளில் இன்சுலின் சிரிஞ்ச் இரண்டு அளவில் கிடைக்கும். சிவப்பு மூடியில் ஒரு மி.லி.க்கு 40 கோடு, ஆரஞ்சு மூடியில் 100 கோடு. 0.8 மி.லி. என்பது முதலாவதில் 32-வது கோடு, இரண்டாவதில் 80-வது கோடு. மூடி நிறம் பார்க்காமல் 32 என்று எடுத்தால் ஆரஞ்சு சிரிஞ்சில் பாதிக்கும் குறைவாகத்தான் வரும். ஃப்ளேவர் வீக்காக இருக்கு என்று எசன்ஸைக் குறை சொல்வது அப்புறம் நடக்கும்.

இனி மிச்ச வாசனை. புது ஃப்ளேவரைக் கெடுப்பது பெரும்பாலும் புது ஃப்ளேவர் இல்லை, அதற்கு முன்னால் குடித்தது. மேசையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

"அண்ணே, நாலாவதுல இருந்து எல்லாமே பன்னீர் மாதிரியே அடிக்குதுண்ணே."

"அதுக்குத்தாம்பா பன்னீரைப் பின்னால வெச்சுக்கோன்னு சொன்னேன். நீதான் முதல்லயே கேட்ட."

கடைக்காரர் சொல்வது சரி, ஆனால் பாதிதான் சரி. பழைய வாசனை மூன்று இடத்தில் தங்கும்: பாத்திரத்தில், மூக்கில், நாக்கில். எல்லோரும் நாக்கையே குறை சொல்வார்கள். முதலில் பார்க்க வேண்டியது பாத்திரம்.

கோலி சோடா பாட்டிலின் கழுத்துக்குள் விரல் விட்டால் ஒரு ரப்பர் வளையம் தட்டுப்படும். கோலி வந்து அழுந்தி அடைப்பது அதில்தான். ஆறு மாதம் பன்னீர் சோடா நிரப்பிய பாட்டிலை நன்றாகக் கழுவி, வெறும் தண்ணீர் ஊற்றி மூடி ஒரு ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் முகர்ந்து பாருங்கள். கண்ணாடி மணக்காது, அந்த வளையம் மணக்கும். வாசனை மூலக்கூறுகள் பலவும் எண்ணெய்க் குணம் உள்ளவை. தண்ணீரை விட ரப்பரும் சிலிக்கோனும் பிளாஸ்டிக்கும் அவற்றுக்குப் பிடித்தமானவை. உள்ளே ஊறிவிடும், பிறகு அடுத்த பானத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஆரஞ்சு, எலுமிச்சையில் இருக்கும் லிமோனீன் பிளாஸ்டிக்கில் ஊறுவதில் மகா கெட்டி.

அதனால் எவர்சில்வர் டம்ளர் கொடுப்பது நல்ல யோசனை. கண்ணாடியாக இருந்தால் இன்னும் நல்லது என்று சிலர் சொல்வார்கள். அது தேவையில்லை. எவர்சில்வரில் பானத்தின் நிறம் சரியாகத் தெரியாது என்பதே ஒரு லாபம். சிவப்பாக இருந்தால் ஸ்ட்ராபெர்ரி என்று கண் முந்திக்கொண்டு சொல்லிவிடும், நாக்கு பின்பாட்டுப் பாடும். பேப்பர் கப் வேண்டாம், ஈரமான அட்டை வாசனை மெல்லிய பழ ஃப்ளேவர்களைக் கெடுக்கும். பிளாஸ்டிக் கப்புக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை, அந்தப் பேச்சே வேண்டாம்.

டம்ளர் கழுவும் முறையையும் கவனித்துப் பாருங்கள். கவிழ்த்த டம்ளரிலும் ஒரு மி.லி. அளவுக்கு ஒட்டி நிற்கும். 100 மி.லி. தண்ணீரை ஒரே தடவையாக ஊற்றி அலசினால் பழையது நூற்றில் ஒரு பங்கு மிஞ்சும். அதே 100 மி.லி.யை ஐம்பது ஐம்பதாக இரண்டு தடவை ஊற்றி அலசினால் மிஞ்சுவது ஏறக்குறைய 2,500-ல் ஒரு பங்கு. தண்ணீர் அதே அளவுதான். இந்தக் கடைப் பையன் வெந்நீரில் இரண்டு தடவை அலசி, மூன்றாவதாகக் குளிர்ந்த தண்ணீர் காட்டுகிறான். சோப்பு போடுவதில்லை, அதுவும் சரிதான். நம் வீடுகளில் பாத்திர சோப்பு என்றாலே எலுமிச்சை வாசனை. அதில் கழுவிய டம்ளரில் பச்சை ஆப்பிளை ஊற்றினால் கூடவே எலுமிச்சையும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சோடா இயந்திரத்தில் ஒரு விஷயம் உறுத்துகிறது. குழாய் முனையில் இருக்கும் வாஷர். வெறும் சோடாவை மட்டும்தான் அதில் விடுகிறார்கள், ஆனால் டம்ளரில் முதலில் பாகும் முன்கலவையும் ஊற்றிவிட்டுப் பிறகு சோடா பிடிக்கிறார்கள். நுரை பொங்கி முனையைத் தொடுகிறது. நாள் முழுக்கத் தொட்டால் வாஷர் எல்லா ஃப்ளேவரையும் கொஞ்சம் கொஞ்சம் குடித்து வைத்துக்கொள்ளும். சோடாவை முதலில் பிடித்து, டம்ளரைச் சாய்த்துப் பாகை ஓரமாக விட்டால் போதும், செலவில்லாத திருத்தம். வீட்டு இயந்திரத்துக்கும் இதே விதிதான்: தண்ணீருக்கு மட்டும் கேஸ் ஏற்ற வேண்டும், ஃப்ளேவர் கலந்த பிறகு ஏற்றக் கூடாது. ஏற்றினால் நுரை முனைக்குள் போய், அடுத்த ஒரு வாரத்துக்கு எல்லா சோடாவிலும் போன வார ஃப்ளேவர் தலைகாட்டும்.

வாஷர் கெட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. ருசி பார்க்கத் தொடங்கும் முன் எதுவும் கலக்காத வெறும் சோடா ஒரு டம்ளர் கேளுங்கள். அதில் ஏதாவது மணந்தால் அன்றைக்கு அங்கே எதையும் ருசி பார்க்க வேண்டாம். காலையில் கேட்டால் பெரும்பாலும் சுத்தமாக வருகிறது. மாலையில் லேசாக ஒரு பபிள்கம் வாசனை. பபிள்கம் எசன்ஸ் எதுவும் அவர்கள் அன்று கலக்கவில்லை என்றாலும் அது வரும். வாழைப்பழம், அன்னாசி, பட்டை இவை கலந்த வாசனைக்குத்தான் நாம் பபிள்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நாள் முழுக்கச் சேர்ந்த மிச்சங்களின் கூட்டணி அது.

வாஷர், வளையம், பாட்டில் மூடி இவற்றைச் சுத்தம் செய்ய: சிலிக்கோன் வளையத்தைப் பதினைந்து நிமிடம் கொதிக்க விட்டு, காற்றில் ஒரு நாள் உலர்த்தலாம். பெட் பாட்டிலைக் கொதிநீரில் போட்டால் சுருங்கிவிடும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். புளிப்பு வாசனைகள் போகும், லிமோனீன் முழுதாகப் போகாது. பன்னீருக்கென்று ஒரு செட் வளையம், ஜிஞ்சருக்கென்று ஒரு செட் என்று பிரித்து வைத்துக்கொள்வதே கடைக்காரர்களுக்குக் கட்டுபடியாகும் வழி. வளையம் விலை மலிவு, திரும்பி வராத வாடிக்கையாளர்தான் விலை அதிகம்.

அடுத்தது மூக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் லிச்சி, ஒரு வாய் மாம்பழம் குடித்துப் பாருங்கள். இரண்டும் இனிப்புத் தண்ணீர்தான். ஃப்ளேவர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. ஒரே வாசனையில் இரண்டு மூன்று நிமிடம் இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். மார்க்கெட்டின் மீன் பக்கம் வேலை செய்பவருக்கு மீன் நாற்றம் தெரியாதது போல. இங்கே மேசை மேல் ஒரு சின்ன ஜாடியில் காபிக்கொட்டை வைத்திருக்கிறார்கள், இடையிடையே முகரச் சொல்கிறார்கள். வாசனைத் திரவியக் கடைகளில் பார்த்த பழக்கம். சோதித்துப் பார்த்ததில் காபிக்கொட்டை வெறும் காற்றை விட மேலாக எதையும் செய்வதாகத் தெரியவில்லை. அந்த ஜாடி நான்கு நாளாகத் திறந்தே இருந்தால் அதுவும் ஒரு மிச்ச வாசனைதான். வாசலுக்குப் போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். வெளியேயும் நாற்றம் என்றால் முழங்கையின் உள்மடிப்பை முகருங்கள். உங்கள் தோலின் வாசனை மூக்குக்கு எப்போதும் பழகியது, அதனால் அது பூஜ்யம்.

வாசலில் நிற்பதற்கும் நேரம் பார்க்க வேண்டும். மார்க்கெட்டின் பூக்கடைகளில் மல்லிகை கொட்டிக் கிடக்கும் வேளையில் பன்னீர் எசன்ஸை எடைபோடாதீர்கள். இரண்டு பூவில் எது எதுவென்று பிரிக்க முடியாது.

நாக்குக்கு வருவோம். இனிப்பும் புளிப்பும் ஒரு வாய் வெதுவெதுப்பான தண்ணீரில் போய்விடும். குளிர்ந்த தண்ணீர் அத்தனை நன்றாகக் கழுவாது. பொரி ஒரு பிடி மென்றால் நாக்கில் படிந்த பாகையும் துடைத்துக்கொண்டு போகும். உப்பும் எண்ணெயும் காரமும் இல்லாத பொரியாக வைத்திருப்பதற்கு இந்தக் கடைக்கு ஒரு சபாஷ் போடலாம். நெல்லிக்காய் கூடாது. அதைத் தின்று தண்ணீர் குடித்தால் தண்ணீரே இனிக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ருசி மேசைக்கு வரும் பெரியவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதைவிட மோசம் சிறுகுறிஞ்சான். சர்க்கரை வியாதிக்கென்று காலையில் அந்தப் பொடியைப் போட்டுக்கொண்டு வந்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை நாக்குக்கு இனிப்பே தெரியாது. எல்லா ஃப்ளேவரும் புளிப்புத் தண்ணீர். பல் தேய்த்த உடனே வருவதும் வேண்டாம். டூத்பேஸ்டில் நுரை தரும் பொருள் இனிப்பை அமுக்கி, புளிப்புப் பழத்தைக் கசப்பாகக் காட்டும். வெற்றிலைபாக்கு, பான் மசாலா போட்ட நாக்கு அன்று முழுக்க விடுமுறை.

காரமும் குளிர்ச்சியும் தனிக் கதை. ஜிஞ்சரின் உறைப்பும் புதினாவின் ஜில்லிப்பும் ருசியே அல்ல. சூட்டையும் குளிரையும் உணரும் நரம்புகளை அவை தட்டி எழுப்புகின்றன. புதினாவில் இருக்கும் மென்தால் நாக்கில் இருக்கும்போது அடுத்து வரும் எந்தக் குளிர்ந்த பானமும் இரண்டு மடங்கு ஜில்லென்று தெரியும். அதைத் தண்ணீர் கழுவாது, தண்ணீரே ஜில்லென்றுதான் இருக்கும். பதினைந்து நிமிடம் பொறுப்பதைத் தவிர வழியில்லை. ஜிஞ்சர் எசன்ஸ்களில் பலவற்றில் மிளகாய்ச் சாறும் சேர்ந்திருக்கும். அந்த உறைப்புக்கு உப்பில்லாத கெட்டி மோர் ஒரு வாய் உதவும், பாலின் புரதம் அதை எடுத்துக்கொண்டு போகும். மேசையில் மோர் கிடையாது, வைக்கலாம்.

வரிசையை வாடிக்கையாளரிடமே விட்டுவிடுவது கடையின் பெருந்தன்மை, அதுவே பலவீனமும்கூட. நல்ல வரிசை இது: முதலில் லிச்சி, பச்சை ஆப்பிள் போன்ற மெல்லிய பழங்கள், பிறகு மாம்பழம், அன்னாசி, பலா, அதன் பிறகு வெனிலா வகை, அப்புறம் பன்னீர், வெட்டிவேர். பட்டை, கிராம்பு சேர்ந்த கோலா அதற்குப் பின்னால். கடைசியில் ஜிஞ்சர், அதற்கும் கடைசியில் புதினாவும் பானும். ஆறுக்கு மேல் ஒரே அமர்வில் வேண்டாம். ஆறிலும் கடைசியை முதலாவதின் நகலாகக் கேளுங்கள், எந்த டம்ளர் என்று சொல்லாமல் வைக்கச் சொல்லுங்கள். முதல் தடவை பத்துக்கு எட்டு போட்டதற்கு இப்போது ஐந்து போட்டீர்கள் என்றால் நடுவில் போட்ட மதிப்பெண்களை நம்ப வேண்டாம். இதற்கு ஒரு டம்ளர் வீணாகிறதே என்று கணக்குப் பார்ப்பவர்கள் அரை லிட்டர் தவறான எசன்ஸின் விலையையும் சேர்த்துப் பார்க்கலாம்.

இப்போது ஃப்ளேவர்கள். எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை.

பன்னீர் நன்றாக இருக்கிறது, லிட்டருக்கு 0.6 மி.லி. போதும். ஒரு மி.லி. போட்டால் கல்யாண வீட்டு வாசல் ஆகிவிடுகிறது. நன்னாரியை வெனிலாவுக்குப் பக்கத்தில் வைத்து ருசி பார்க்கவே கூடாது. நன்னாரி வேரின் முக்கிய வாசனைப் பொருளும் வெனிலினும் ஒரே அணுக்களை வேறு விதமாக அடுக்கிய அண்ணன் தம்பிகள். வெனிலாவுக்குப் பின் வரும் நன்னாரி மங்கிப்போய்த் தெரியும். இங்கே பலர் நன்னாரி சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போவதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம், ஏனென்றால் அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள். தனியாகக் குடித்தால் மண் வாசனையும் லேசான கசப்பும் சேர்ந்து வருகிறது. அந்தக் கசப்பு இருந்தால்தான் அது நன்னாரி.

பலா எசன்ஸ் இந்தக் கடையின் பெருமை, பண்ருட்டிக்காரர்கள் கேட்டு வாங்குவதாகப் பேச்சு. பண்ருட்டிப் பலா தின்று வளர்ந்தவர்களிடம் எசன்ஸ் விற்பது துணிச்சல்தான். அளவு கூடினால் முதலில் வாழைப்பழம் வரும். வாழைப்பழ வாசனைக்குக் காரணமான ஐசோஅமைல் அசிடேட் பலாவிலும் உண்டு. லிட்டருக்கு 0.5 மி.லி.யில் சுளை வாசனை, ஒரு மி.லி.யில் வாழைப்பழ மிட்டாய். ஜிஞ்சர் உறைப்பு சுமார், இஞ்சி வாசனை குறைவு. பவண்டோ மாதிரி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கிரேப் எசன்ஸ் தருகிறார்கள். திராட்சை இருக்கிறது, பவண்டோ இல்லை. எலுமிச்சை வாங்குவதற்கு முன் கட்டாயம் ருசி பாருங்கள், பழைய சரக்கு என்றால் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து டர்பன்டைன் வாசனை தட்டும். வெயில் படும் அலமாரியின் மேல் தட்டில் அதை வைத்திருப்பது சரியில்லை.

ஐஸ்கிரீம், பால்கோவா செய்கிறவர்களுக்கு இந்த மேசையால் அதிகப் பயனில்லை. எல்லாவற்றையும் சிட்ரிக் ஆசிட் போட்ட சோடாவில்தான் தருகிறார்கள். பட்டர்ஸ்காட்சை சோடாவில் குடித்து முடிவெடுப்பது பாயசத்தை மோரில் கலந்து ருசி பார்ப்பது போல. பால் கொழுப்பு வாசனையைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். சோடாவில் தூக்கலாகத் தெரிந்தது பாலில் அடங்கியும், சோடாவில் அடங்கியது பாலில் நீண்டும் நிற்கும். காய்ச்சி ஆறிய பாலில் நூற்றுக்குப் பத்து சர்க்கரை போட்டு, ஒரு ஃப்ளேவருக்கு 15 மி.லி. வீதம் கொடுத்தால் போதும். கேட்டால் செய்து தருவதில்லை.

கலர் தனியாக விற்கிறார்கள். உணவுக்கு அனுமதிக்கப்பட்ட கலரா, பாட்டிலில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற, உணவில் சேர்க்கக் கூடாத சாயம் இருப்பது தெரிந்து 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் அதன் விற்பனைக்குத் தடை வந்தது நினைவிருக்கும். அந்தச் சாயமும் பார்க்க அழகான ரோஸ் நிறம்தான்.

சில இளைஞர்கள் இங்கே வந்து வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்குப் போட ஃப்ளேவர் கேட்கிறார்கள். கடைக்காரர் இல்லை என்று அனுப்பிவிடுகிறார், நல்லது. இ-சிகரெட் விற்பதும் இறக்குமதி செய்வதும் விற்பனைக்காக இருப்பு வைப்பதும் 2019 சட்டப்படி நாடு முழுக்கக் குற்றம். எசன்ஸுக்கும் இ-சிகரெட்டில் ஊற்றும் இ-லிக்விட்டுக்கும் அடிப்படை புரோப்பிலீன் கிளைக்கால் என்ற ஒரே கரைப்பான்தானே என்பது அந்த இளைஞர்கள் வாதம். வயிற்றுக்குப் போவதற்குச் சோதித்ததை நுரையீரலுக்கு அனுப்பக் கூடாது. வெண்ணெய் வாசனை தரும் டைஅசிட்டைலைத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அமெரிக்காவில் பாப்கார்ன் ஆலைகளில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் மீளாமல் கெட்டது.

பட்டியலோடு வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியது இதுதான். முன் மேசையில் இவ்வளவு ஒழுங்கு, பின்னால் இருக்கும் நிரப்பும் இடத்தில் அதில் பாதிகூட இல்லை. 5 லிட்டர் கேனிலிருந்து 100 மி.லி. பாட்டிலுக்கு ஊற்ற ஒரே ஒரு பிளாஸ்டிக் புனல். எட்டிப் பார்த்தால் அதன் கழுத்தில் மஞ்சளும் ரோஸுமாகக் கறை வளையம் தெரியும். ஒரு ஃப்ளேவர் முடிந்ததும் ஒரு உதறு, துணியில் ஒரு துடைப்பு, அடுத்த ஃப்ளேவர். புனலில் ஒட்டிய கால் மி.லி. பன்னீர் 100 மி.லி. லிச்சி பாட்டிலில் இறங்கினால் நானூறில் ஒரு பங்கு பன்னீர். லிச்சியிலேயே ரோஜா வாசனைப் பொருள்கள் கொஞ்சம் உண்டு என்பதால் அது கலந்தது தெரியாது, ஆனால் மேசையில் குடித்த லிச்சி அதுவாகவும் இருக்காது. பச்சை ஆப்பிளில் என்றால் அப்பட்டமாகத் தெரியும். ருசி பார்த்தது ஒன்று, வீட்டுக்குப் போனதும் இன்னொன்று என்று இந்தக் கடை மேல் வரும் புகார்களுக்கு நாக்கோ மூக்கோ காரணமில்லை, இந்தப் புனல்தான். சின்ன பாட்டில்களில் ஒட்டும் சீட்டில் பேட்ச் எண்ணும் தேதியும் எழுதுவதில்லை, அதனால் புகாரோடு போனாலும் எந்தக் கேனிலிருந்து வந்தது என்று அவர்களுக்கே தெரியாது.

வாங்கியதை வீட்டில் ஒரு தடவை அதே 5-க்கு 95 முன்கலவையில் சோதித்துவிட்டுப் பிறகு வியாபாரத்தில் இறக்குங்கள். கடலூர் போகிறவர்கள் பாட்டிலை பைக் பெட்டிக்குள் போட்டு வெயிலில் நிறுத்த வேண்டாம். வெளிச்சம் படாத அறையில் 25 டிகிரிக்குள் வைத்தால் பன்னீரும் வெனிலாவும் நன்றாகத் தாங்கும், எலுமிச்சையும் ஆரஞ்சும் சின்ன பாட்டிலாக வாங்கி சீக்கிரம் தீர்ப்பது நல்லது. ருசி மேசைக்குப் போக நல்ல நேரம் வேலை நாளில் காலை பத்திலிருந்து பதினொன்றரை, காபி குடித்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகு. ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கூட்டத்தில் போனால் டம்ளர் ஒரே அலசலோடு வரும்.

புனல் மாறும் வரைக்கும் சீல் உடைக்காத அரை லிட்டராக வாங்குங்கள். அவ்வளவு தேவையில்லை, 100 மி.லி. போதும் என்றால், ஊற்றுவதற்கு முன் புனலை வெந்நீரில் இரண்டு தடவை கழுவச் சொல்லுங்கள். முணுமுணுக்காமல் கழுவித் தருகிறார்கள், கேட்டால்தான்.